ரோமியோ ஜூலியட்: மூலத்தில் உள்ள சொற்களைப் பிள்ளைகள் மனசில் நிறுத்துவது எப்படி?

செம்பனைக்காடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பாரம் 5 (இடைநிலைப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) பிள்ளைகள் ஆறு பேர் ‘ரோமியோ ஜூலியட்’ காட்சிகளை மூல ஆங்கிலத்திலேயே நடிக்கிறார்கள். தோட்டத்து மண்டபத்தில் அரங்கேற்றம், இன்னும் 8 வாரம். அகராதி பார்த்து அர்த்தம் எழுதச் சொன்னால் பக்கத்துக்கு நாற்பது சொல் தேறுகிறது. மறுநாள் கேட்டால் நாலுகூட நிற்பதில்லை. வசனத்தை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். எங்கிருந்து பிடிப்பது?

ஏணிப்படி:
நாற்பதையும் எழுத வைக்காதீங்க அண்ணே. பார்த்ததுமே பழசு என்று தெரிகிற சொல்லில் ஆபத்து கம்மி, பிள்ளையே நின்று கேட்டுவிடும். தெரிந்த சொல் மாதிரி முகம் காட்டுவதுதான் கவிழ்க்கும். மார்கழியில் ‘நாற்றத் துழாய்முடி’ பாடும்போது துளசி நாறுகிறது என்றா நினைக்கிறோம்? அதே கதைதான்.

உப்பரிகைக் காட்சியை (அங்கம் 2, காட்சி 2) எடுங்க. ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ வந்ததும் நெற்றியில் கைவைத்து இருட்டில் தேடுவார்கள். வேர்ஃபோர் ‘எங்கே’ இல்லை, ‘ஏன்’. நீ ஏன்டா ரோமியோவா இருந்து தொலைக்கிறே என்கிறாள் ஜூலியட். அதனால்தான் அடுத்த வரியிலேயே அப்பனை மறுத்துடு, பேரை விட்டுடு என்கிறாள். ‘பட் சாஃப்ட்’டில் மென்மை ஏதும் கிடையாது, ‘இரு, இரு’ அவ்வளவுதான். ‘ஓவ்ஸ்’ அங்கே கடன் இல்லை, ‘உடையவன்’ என்ற பொருள். தாதி கூப்பிட்டதும் ஜூலியட் சொல்லும் ‘அனான்’ நம்ம வீட்டு ‘தோ வந்துட்டேன்’.

நோட்டில் தனிச்சொல் வேண்டாம். இடப்பக்கம் முழு வரி, வலப்பக்கம் அதே வரி வீட்டுத் தமிழில். ஒரு நாளைக்கு 8 வரி போதும். தௌ, தீ, தை (thou, thee, thy) மூன்றையும் முதல் நாளே நீ, உன்னை, உன் என்று முடித்துவிடுங்க. (இதை ஆங்கில எழுத்தில் குறிக்கட்டும். தமிழில் எழுதினால் நெருப்பும் பொங்கல் மாசமும் வந்து நிற்கும்.)

பழைய_பாரம்6:
தௌ ‘நீ’, யூ ‘நீங்க’. இந்தக் கணக்கு நம்ம பிள்ளைகளுக்கு லேசாகப் பிடிபடும், ஆனால் அப்படியே பூட்டிவிடாதீங்க. விருந்தில் (1.5, அதாவது அங்கம் 1, காட்சி 5) முதன்முதலாகப் பேசும்போது ஜூலியட் அவனை ‘யூ’ என்கிறாள், உப்பரிகையில் ‘தௌ’வுக்கு இறங்கிவிடுகிறாள். நடிக்கிற பெண்ணுக்கு இது தெரிந்தாலே குரல் மாறும். அதே ‘தௌ’வை ஜூலியட் வீட்டுச் சொந்தக்காரன் டிபால்ட் 3.1இல் ரோமியோ மீது வீசும்போது அது ‘டேய்’. கூட்டமாக இருப்பவர்களுக்கும் ‘யூ’தான் வரும், அதை மரியாதை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு காட்சியிலும் இந்தச் சொற்களை மட்டும் பென்சிலில் வட்டம் போட வையுங்க.

செம்பனைக்காடு:
1.3இல் ஜூலியட்டின் அம்மா ஒரே வரியில் ‘மேரி’ என்று இரண்டு தடவை சொல்கிறாளே, இரண்டும் கல்யாணம்தானா?

பழைய_பாரம்6:
இல்லை. முதல் ‘மேரி’ மாதா பேரில் வைக்கிற ஆணை, தேய்ந்துபோய் ‘அட, அதானே’ அளவுக்கு வந்தது. இரண்டாவதுதான் கல்யாணம். அதற்கு முந்தின வரியில் தாதி கல்யாணப் பேச்சை எடுத்திருப்பாள், அம்மா அதைச் சொல்லாலேயே பிடிக்கிறாள். முதலாவதை வெடுக்கென்று சொல்லி, கொஞ்சம் மூச்சு விட்டு, இரண்டாவதை அழுத்தணும். ஒரே சுதியில் ஓடினால் சிலேடை செத்துப்போகும்.

மரவெட்டுக்காலம்:
கைப்பேசி அகராதி இன்றைய அர்த்தத்தைத்தான் முதலில் நீட்டும். அலெக்சாண்டர் ஷ்மிட் 1870களில் தொகுத்த ஷேக்ஸ்பியர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த நாடகம், எந்த அங்கம், எந்த வரியில் என்ன பொருள் என்று பிரித்துக் காட்டும். முன்னுரையின் 14 வரியை வைத்துப் பழக்குங்க. அதில் ‘டிராஃபிக்’ வரும், சாலை நெரிசல் இல்லை, மேடையில் நடக்கிற காரியம்.

அசையையும் எண்ணச் சொல்லுங்க. அடிக்குப் பொதுவாக 10. எண்ணி 9 வந்தால் சொல்லின் கடைசி ‘எட்’டை (-ed) தனி அசையாக்கிப் பார்க்கணும். 3.2இல் ஜூலியட் புலம்பும் ‘பேனிஷ்ட்’ (banished, நாடு கடத்தப்பட்ட) பல இடத்தில் ‘பேனிஷெட்’, மூன்று அசை. சுருக்கிச் சொன்னால் அடி நொண்டும், அழுகையும் பாதியில் அறுந்துபோகும்.

செம்பனைக்காடு:
நன்றிங்க. 3.5இல் அப்பா ஜூலியட்டை ‘பேகேஜ்’ (baggage) என்கிறாரே, பையன் பெட்டிப் படுக்கை என்று எழுதி வைத்திருக்கிறான்.

ஏணிப்படி:
அடிச்சிடச் சொல்லுங்க. பொம்பளைப் பிள்ளையைத் திட்டுகிற சொல் அது. ‘கழுதை’ன்னு எழுதட்டும்.