நவம்பர் பாதியில் சர்ஜரியிலிருந்து இன்டர்னல் மெடிசினுக்கு மாற முடியுமா? உதவுங்கள்

கத்திமுனை:

வணக்கம். ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து, சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாய இன்டர்ன் பயிற்சி) காலத்திலிருந்தே "சர்ஜரிதான்" என்று சொல்லித் திரிந்தவன். இப்போது அமெரிக்காவில் அப்சர்வர்ஷிப், அதாவது ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக் கற்பது. செப்டம்பர் கடைசியில் ஈராஸில் (ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் இணையதளம்) 62 ஜெனரல் சர்ஜரி ப்ரோக்ராம்களுக்கு விண்ணப்பித்தேன். இதுவரை வந்தது இரண்டு இன்டர்வியூ, இரண்டுமே ப்ரிலிம், அதாவது ஒரு வருஷ இடம் மட்டும்.

இன்டர்வியூ வரவில்லை என்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. போன மாதம் பித்தப்பை எடுத்த பெரியவர் ஒருவருக்கு ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு, 118க்கு, இறங்கிவிட்டது. மறுநாள் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டர்) நல்ல கேஸ் ஓடிக்கொண்டிருக்க, நான் வார்டில் மெடிசின் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பழைய மாத்திரைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷருக்குப் போட்ட தயசைடு மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் எந்த ஓ.டி.யிலும் வந்ததில்லை. எட்டிப் பார்த்த சர்ஜன், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

என்னிடம் இருக்கும் மூன்று பரிந்துரை லெட்டரும் சர்ஜன்கள் கொடுத்தவை. பர்சனல் ஸ்டேட்மென்ட் முழுக்க நான் போட்ட முதல் தையலைப் பற்றி. விண்ணப்பமோ பூட்டியாகிவிட்டது. இப்போதே மாறுவதா, இந்த வருஷத்தை விட்டுவிட்டு அடுத்த செப்டம்பரில் புதிதாகப் போடுவதா? வீட்டில் இன்னும் மூச்சுவிடவில்லை.

பழைய ப்ரிலிம்:

தம்பி, அந்த இரண்டு இன்டர்வியூவையும் விடாதீர்கள். ஆனால் ப்ரிலிம் என்பது ஒரு வருஷ ஒப்பந்தம், இரண்டாம் வருஷத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நான் ஒரு வருஷம் ஓடினேன். ஆன்-கால் ட்யூட்டி முடித்த கையோடு, தூக்கக் கலக்கத்தில் அடுத்த விண்ணப்பத்தை எழுதினேன். பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு டாக்டர்களுக்கான ஜே-1 விசா என்றால் இன்னொன்றும் இருக்கிறது: ஸ்பெஷாலிட்டியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம், அதுவும் முதல் இரண்டு வருஷத்துக்குள். ப்ரிலிம் போய்விட்டு அப்புறம் மெடிசினுக்கு வரலாம் என்று திட்டம் போட்டால் அந்த ஒரு வாய்ப்பு அங்கேயே செலவாகிவிடலாம்.

குளிர்க்காரி:

இன்டர்னல் மெடிசின் இரண்டாம் வருஷ ரெசிடென்ட் நான். முதலில், இதை மாறுவது என்று நினைக்காதீர்கள். சர்ஜரி விண்ணப்பம் அது பாட்டுக்கு இருக்கட்டும். மெடிசினுக்கும் சேர்த்துப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். ஈராஸ் கட்டணம் ஸ்பெஷாலிட்டி வாரியானது, முதல் 30 ப்ரோக்ராமுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30. மெடிசினுக்குக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் 30 இடத்துக்கு 330 டாலர். தாமதமாகப் போகிறவர் நூறு இடத்துக்கு வீசுவதைவிட, ஜே-1 விசாக்காரர்களை எடுக்கும், நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பட்டதாரிகளை ஏற்கெனவே சேர்த்திருக்கும் முப்பதைப் பார்த்துப் போடுவது மேல்.

லெட்டர் விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ஒரு ப்ரோக்ராமுக்கு நான்கு லெட்டர் வரை இணைக்கலாம். விண்ணப்பித்த பிறகு இணைத்ததை எடுக்க முடியாது, காலி இடம் இருந்தால் சேர்க்க மட்டுமே முடியும். அதனால் சர்ஜன்களின் மூன்றையும் அவசரத்தில் அள்ளிப் போடாதீர்கள். உங்களை நன்றாகத் தெரிந்த இருவருடையது போதும், மீதி இடம் அந்த மெடிசின் டாக்டருக்கு. இன்றைக்கே போய்க் கேளுங்கள். சோடியம் கேஸ் அவர் மனதில் இருக்கும்போது எழுதும் லெட்டருக்கு ஒரு தனி உயிர் உண்டு.

ஸ்டேட்மென்ட்டைப் புதிதாக எழுதி மெடிசின் ப்ரோக்ராம்களுக்குத் தனியாக இணைக்கலாம். பூட்டிய அனுபவப் பட்டியலை மாற்ற முடியாது, கவலைப்படாதீர்கள், இன்டர்வியூவில் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் பேச்சு. "சர்ஜரி கிடைக்கவில்லை" என்று தொடங்கினால் கதை முடிந்தது. பெரியவரிடமிருந்து தொடங்குங்கள்.

ஏழாம் வார்டு:

ஒரே ஆஸ்பத்திரியின் சர்ஜரிக்கும் மெடிசினுக்கும் சேர்த்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. கேன்டீனில் எல்லாரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள்.

இன்டர்வியூக்கள் முடிந்தபின் நாம் விருப்ப வரிசையில் கொடுக்கும் ரேங்க் லிஸ்ட்டில் இரண்டு ஸ்பெஷாலிட்டியையும் கலந்து போடலாம். அந்த லிஸ்ட்டுகளை வைத்து இடம் ஒதுக்கும் மேட்ச் அல்காரிதம் விண்ணப்பதாரர் பக்கமிருந்து ஓடுவது. எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போடாமல், மனதுக்குப் பிடித்த வரிசையில் எழுதுங்கள். ஆனால் போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் வைக்காதீர்கள், மேட்ச் ஆனால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். எதுவும் அமையாவிட்டால் மார்ச்சில் சோப் (SOAP) என்று மீதமிருக்கும் இடங்களுக்கான சுற்று இருக்கிறது, 45 இடம் வரை போடலாம். அப்போதும் மெடிசின் லெட்டர் கையில் இல்லாமல் போனால் சிரமம்.

அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவதை நான் சொல்ல மாட்டேன். பட்டம் வாங்கி இத்தனை வருஷத்துக்குள் என்று வரம்பு வைக்கும் ப்ரோக்ராம்கள் நிறைய. வருஷம் போகப் போகக் கதவு குறுகும்.

கத்திமுனை:

எல்லாருக்கும் நன்றி. டாக்டரிடம் கேட்டேன். "சர்ஜரிக்கா, மெடிசினுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நான்கே நாளில் லெட்டரை ஏற்றிவிட்டார். 28 மெடிசின் ப்ரோக்ராம்களுக்கு நேற்று இரவு அனுப்பினேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப ஆபரேஷன் பண்ண மாட்டியா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சர்க்கரைக்காவது மருந்து எழுதுவியா?" என்றார்.

ஒரு அவசரச் சந்தேகம். இரண்டு மெடிசின் ப்ரோக்ராம்களுக்குப் பழைய தையல் ஸ்டேட்மென்ட் போய்விட்டது! என்ன செய்ய?

குளிர்க்காரி:

பதறாதீர்கள். லெட்டர் மாதிரி இல்லை, ஸ்டேட்மென்ட்டை அனுப்பிய பிறகும் மாற்றி இணைக்கலாம். இப்போதே மாற்றுங்கள். அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, மன்னிப்பு மெயில் எல்லாம் அனுப்பி நீங்களே காட்டிக்கொடுக்க வேண்டாம். ஸ்டேட்மென்ட்டின் தலைப்பு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் கூச்சப்படாமல் "மெடிசின்", "சர்ஜரி" என்று பெரிதாகப் பெயர் வையுங்கள். நான் "புதியது", "புதியது 2", "கடைசி" என்று வைத்து மாட்டியவள்.