மே மாதம் ஊட்டிக்குச் சொந்தக் காரில் போகலாமா?

கரூர்க்காரன்:
மலர்க் கண்காட்சிக்கு அப்பா அம்மாவோடு ஊட்டி போகிறோம். காரை நீலகிரிக்குள் கொண்டுபோக இ-பாஸ் எடுத்தாயிற்று. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறு என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?

குன்னூர்வாசி:
தம்பி சொல்வதைக் கேளுங்கள். கண்காட்சி சமயத்தில் ஊட்டி நடுவில் சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம் வண்டி நகரவே நகராது. 2025 கோடையில் ஊட்டிக்கு நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது இதனால்தான். எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக இதே ரோடுதான்.

செகண்ட் கியர்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியவர்களை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைப்பதா? நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான் மலைப்பயணம். குன்னூர் பக்கத்து லேம்ஸ் ராக் பாறைமுனையில் நின்று கோவைச் சமவெளியைப் பார்க்கும் சுகம் பஸ் ஜன்னலில் வருமா?

குன்னூர்வாசி:
லேம்ஸ் ராக்குக்குக் குன்னூரில் டாக்சி கிடைக்கும். தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா அடிவாரச் சரிவில் அடுக்கடுக்காக 55 ஏக்கர் ஏறுகிறது. கார் வாசலோடு சரி, அப்புறம் பெரியவர்கள் நடந்துதான் ஆக வேண்டும்.

இறக்கத்தையும் யோசியுங்கள். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதே இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியார் வருவதற்குள் கருகல் வாடை அடிக்கும், சக்கரத்துக்குள்ளிருந்து புகை கிளம்பும். அதற்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே விபத்துகள்தான்.

செகண்ட் கியர்:
அது ஓட்டுகிறவர் தப்பு. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் கூடவே கூடாது, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்போம், காரையே வேண்டாம் என்பது நியாயமில்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுகிறார்கள். அந்த இறக்கம் வளைவு குறைந்தது, நிதானமாக வரலாம்.

படுகர்தேசம்:
கண்காட்சிதான் வேண்டுமென்றால் பஸ். தோட்டமும் மலையும் போதும் என்றால் பிப்ரவரியில் காரில் வாருங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் உண்டானது, பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும். அங்கே மரங்களைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். மே கூட்டத்தில் அது நடக்காது.

கரூர்க்காரன்:
லீவு மே மாதம்தான் சார்.

குன்னூர்வாசி:
அப்படியென்றால் காரில் வந்தாலும் விடுதியிலேயே நிறுத்திவிடுங்கள். சீசனில் அரசுச் சுற்றுப் பேருந்து பூங்கா, படகு இல்லம் எல்லாம் போகும். ஊருக்குள் ஒரு கார் குறைந்தாலும் எங்களுக்குப் பெரிய உதவி.