சென்னை – டொராண்டோ: அம்மாவுக்கு எந்த வழி நல்லது?

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை முதல் வாரம் அம்மா சென்னையிலிருந்து டொராண்டோவுக்குத் தனியாக வருகிறார். வயது 68, சர்க்கரை உண்டு, தமிழ் மட்டும்தான் பேசுவார். வேலூர் பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலே கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை போகாது.

நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 13,400 கி.மீ. நேரடி விமானம் இல்லை. இரண்டு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன்.

துபாய் வழி: இரவு 9.50க்குக் கிளம்பி மறுநாள் காலை 9.30க்கு இங்கே இறங்கும். பார்க்க 12 மணி நேரம் போலத் தெரியும். கோடையில் நாம் இந்தியாவுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருப்பதால் உண்மையில் 21 மணி நேரத்துக்கு மேல். முதலில் நாலேகால் மணி நேரம், துபாயில் 2 மணி 50 நிமிடம், அப்புறம் 14 மணி நேரம் ஒரே உட்கார்வு. அதுதான் பயமாக இருக்கிறது.

லண்டன் வழி: முதலில் 11 மணி நேரம், 5 மணி நேரம் காத்திருப்பு, பிறகு 8 மணி நேரம். மொத்தம் 24.

விமான நிறுவனத்தைக் கேட்டேன், இரண்டுமே சரி என்றார்கள். டிராவல்ஸ்காரர் விலை மலிவானதைத்தான் சொல்கிறார். டாக்டர் காலுறை எழுதிக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார். வீல்சேர் இரண்டு வழியிலும் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் போட வேண்டும்.

கால் வீக்கம் உள்ள பெற்றோரைத் தனியாக அனுப்பிய அனுபவம் உள்ளவர்களே, இந்த இரண்டில் எதைப் போடுவீர்கள்?