கேஸ் கீசருக்கு அடுப்பு டியூபில் டீ ஜாயின்ட் போட்டு லைன் இழுக்கலாமா?

ஊட்டிக்குளிர்:
வணக்கம் எல்லோருக்கும். ஊட்டியில் வீடு, லவ்டேல் பக்கம். வோல்டேஜ் சரியாக வராததால் கரண்ட் கீசர் வேண்டாம் என்று முடிவு செய்து 6 லிட்டர் கேஸ் கீசர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. வந்து பார்த்த பிளம்பர், அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை நடுவில் வெட்டி ஒரு டீ (ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் மூன்று வாய் ஜாயின்ட்) போட்டு, சமையலறைச் சுவரில் துளை போட்டு, அந்தப் பக்கம் ஐந்து மீட்டர் டியூப் இழுத்து பாத்ரூமுக்குள் மாட்டிவிடலாம், அரை நாள் வேலைதான் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மச்சான் காப்பர் பைப் போடச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போட்டிருக்கிறார்கள். பாத்ரூமில் சின்ன வென்டிலேட்டர் ஒன்றுதான், டிசம்பர், ஜனவரியில் குளிர் தாங்காமல் அதையும் அட்டை வைத்து அடைத்துவிடுவோம். எது சரி?

பழைய ஃபிட்டர், கோவை:
தம்பி, அந்தப் பிளம்பரை இந்த வேலைக்கு விடாதீர்கள். தண்ணீர் வேலைக்கு அவர் நல்ல ஆளாக இருக்கலாம், கேஸ் வேறு.

முதலில் டியூப். ஆரஞ்சு நிறத்தில் உள்ளே கம்பி வலையோடு வரும் சுரக்ஷா டியூப் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போவதற்காகச் செய்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், முழு நீளமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுவருக்குள் நுழைந்துவிட்டால் எலி கடித்ததா, வெடிப்பு விட்டதா என்று யார் பார்ப்பது? நடுவில் வெட்டி டீ போட்டுக் கிளிப் முறுக்குவதும் கூடாது.

அடுத்தது அளவு. 6 லிட்டர் கீசர் என்பது கிட்டத்தட்ட 12 கிலோவாட் நெருப்பு. முழு வேகத்தில் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக கேஸ் இழுக்கும். அடுப்பில் இரண்டு பர்னரையும் முழுதாக எரிய விட்டாலும் இதில் பாதிகூட வராது. வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பது 30 மில்லிபார், அது மிகக் குறைந்த அழுத்தம். நீளமான மெல்லிய டியூபில் அதிலும் ஒரு பகுதி போய்விடும். நீங்கள் குளிக்கும்போது அடுப்பில் தோசைக்கல் சூடு இறங்கினால் இதுதான் காரணம். கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வைப்பதே நல்லது. வீட்டு இணைப்பில் கீசர் வைப்பது பற்றி உங்கள் ஏஜென்சியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், அவர்கள் மெக்கானிக்கே வந்து பார்ப்பார்.

பைப் ஜிஐ போட்டாலும் சரி, காப்பர் போட்டாலும் சரி, உங்கள் தூரத்துக்கு அரை அங்குலம் தாராளம். நான் ஜிஐயில் கனமான சி கிளாஸ்தான் போடுவேன், அடி பட்டாலும் தாங்கும். காப்பர் என்றால் வெள்ளீயப் பற்று வைக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள், பிரேசிங் (அதிகச் சூட்டில் உலோகக் கம்பியை உருக்கி ஒட்டுவது) தெரிந்தவர் வேண்டும். சுவரைத் தாண்டும் இடத்தில் பெரிய பைப் துண்டு ஒன்றைப் பதித்து அதற்குள் கேஸ் பைப் போக வேண்டும், நேரே சிமென்ட் பூசி மூடக் கூடாது. பைப் முழுக்கச் சுவருக்கு வெளியே, கிளாம்ப் அடித்து, கரண்ட் வயரிலிருந்து தள்ளி. கீசருக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி ஒரு பால் வால்வ் (கைப்பிடியைத் திருப்பினால் மூடும் வால்வ்), கேஸுக்கென்று வருவது. பிவிசி, சிபிவிசி எல்லாம் தண்ணீருக்கு மட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டினால் வீண். வெளியே மாட்டுங்கள், உள்ளே சுடுதண்ணீர் பைப் மட்டும் வரட்டும்.

குன்னூர்வாசி:
எங்கள் வீட்டில் ரொம்ப வருஷமாக பாத்ரூமுக்குள்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொண்டால் போதும். கேஸ் கசிந்தால் வாசனையே காட்டிக் கொடுத்துவிடும், சும்மா பயமுறுத்தாதீர்கள்.

நைட் டியூட்டி:
அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. வாசனை வருவது எரியாத கேஸுக்கு, அதில் வேண்டுமென்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். காற்று பற்றாமல் அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுவது, அவ்வளவுதான் எச்சரிக்கை. ஆள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருப்பார், வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பாத்ரூமில் விழுந்தார், வலிப்பு வந்தது என்று கூட்டி வருவார்கள். வீட்டில் கேஸ் கீசரா என்று முதலில் கேட்போம். கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி மலையில் வருகிறதே, அதே வாயுதான் இது.

உங்களுக்கு இத்தனை நாள் ஒன்றும் ஆகாதது வென்டிலேட்டர் திறந்திருந்ததால் இருக்கலாம். கேள்வி கேட்டவர் அதை அட்டை வைத்து அடைக்கிறார், கவனித்தீர்களா?

பழைய ஃபிட்டர், கோவை:
நர்ஸம்மா சொன்னது முழுக்கச் சரி. எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றி ஒன்று: கதவும் ஜன்னலும் மூடிய சின்ன அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே வர வழி இல்லை என்றால், மேலே போக வேண்டிய புகையையே கீழே இழுத்துவிடும். ஃபேன் ஓடுகிறது என்ற தைரியத்தில் இன்னும் நேரம் குளிப்பார்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எங்கள் ஊரில் நீலமாக எரியும் பர்னர் உங்களிடம் மஞ்சளாக எரியலாம். மஞ்சள் நாக்கு தெரிந்தாலோ, மேல் மூடியில் கரி படிந்தாலோ நிறுத்திவிட்டு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

ஊட்டிக்குளிர்:
அண்ணா, நன்றி. பாத்ரூமுக்குப் பின்னால் கூரை நீட்டிய திறந்த இடம் இருக்கிறது, அங்கேயே மாட்டிவிடலாம். சிலிண்டரையும் அங்கேயே வைக்கலாமா? வேலை முடிந்ததும் கசிவு இல்லை என்று எப்படிப் பார்ப்பது? பனி கொட்டும் ராத்திரியில் ஏதாவது பிரச்சினை வருமா?

பழைய ஃபிட்டர், கோவை:
நல்ல இடம். ஆனால் அந்த வென்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டிவிடாதீர்கள், புகை அப்படியே உள்ளே ஏறும், ஒதுங்கியே இருக்கட்டும். சிலிண்டர் நிமிர்ந்து, தரை மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், பள்ளமோ சாக்கடைத் துளையோ பக்கத்தில் வேண்டாம். எல்பிஜி காற்றை விடக் கனம், கசிந்தால் தண்ணீர் போலத் தாழ்வான இடத்தில் தேங்கும். கூண்டு செய்தால் அடியிலும் காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். சிலிண்டர் அங்கே என்றால் பைப் ஒன்றிரண்டு மீட்டர்தான் வரும், சமையலறைச் சுவரை உடைக்கவே வேண்டாம்.

சோதனை: ரெகுலேட்டரையும் கீசரையும் கழற்றிவிட்டு, பைப்பின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து சைக்கிள் பம்பால் ஒரு கிலோ அழுத்தம் வரை காற்று ஏற்றுங்கள். கீசரோடு சேர்த்து ஏற்றினால் உள்ளே இருக்கும் வால்வ் கெட்டுவிடும். அரை மணி நேரம் முள் அசையக் கூடாது. வெயில் பைப்பில் விழும் நேரத்தில் பார்த்தால் முள் தானாக ஏறி இறங்கி உங்களைக் குழப்பும், காலையிலேயே பாருங்கள். பிறகு கேஸ் விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவுங்கள், முட்டை விட்டால் கசிவு. தீக்குச்சி பற்ற வைத்துப் பார்க்கும் ஆளாக இருந்தால் அப்போதே வெளியே அனுப்பிவிடுங்கள். மரைகளில் கேஸுக்கான மஞ்சள் டேப்தான் சுற்ற வேண்டும், தண்ணீர் பைப்புக்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப் போதாது.

பனிக்கு இரண்டு விஷயம். கடுங்குளிரில் சிலிண்டருக்குள் திரவம் ஆவியாவது மெதுவாகிவிடும், அதுவும் பாதி காலியானதும் கீசர் சோர்ந்து எரியும். அதற்காகச் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு வைப்பது எதுவும் கூடாது. அப்புறம், உறைபனி விழும் நாட்களில் குளித்து முடித்ததும் தண்ணீர் வால்வை மூடி, கீசருக்கு அடியில் இருக்கும் திருகைக் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்தால் உள்ளே இருக்கும் செப்புக் குழாய் வெடித்துவிடும்.

கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

குன்னூர்வாசி:
நானும் வெளியே மாற்றிவிடுகிறேன், வீட்டில் அம்மா இதைப் படித்துவிட்டார்கள். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்?

பழைய ஃபிட்டர், கோவை:
14.2 கிலோ சிலிண்டர், நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மூன்று வாரத்துக்கு மேல் ஓடும். பக்கெட்டில் பிடித்துக் குளித்தால் இன்னும் கூட வரும். கீசரை வெளியே மாற்றும்போது பழைய டியூபைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். கீசரைப் பற்ற வைக்கும் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், டார்ச்சுக்குப் போடும் பெரியது இரண்டு.