வெளிநாட்டுப் புளூரே வாங்க முதல்: ரீஜியன், ஓடும் நேரம், எந்தப் பதிப்பு? (கூடவே பூஞ்சணம் பிடிச்ச வீடியோக் கசட்)

கல்லடி_வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எழுபது எண்பதுகளில வந்த இத்தாலிக் கொலைப்படங்கள், ராம்சே சகோதரர்களின்ட இந்திப் பேய்ப்படங்கள், இந்தோனேசிய மாந்திரீகப் படங்கள் எண்டு, ஒரு காலத்தில வீடியோக் கடைகளில கொப்பிக்குக் கொப்பியாக் கிடந்ததெல்லாம் இப்ப துப்புரவா ஸ்கேன் பண்ணிப் புளூரேயில வருது. டொரன்டோவில இருந்து வாற ஒராளிட்ட பத்துப் பன்னிரண்டு டிஸ்க் சொல்லிவிடப் போறன். அதுக்கு முதல் மூண்டு விசயம் தெளிவாகணும்.

இங்க வாங்கின புளூரே பிளேயரில அமெரிக்க டிஸ்க் ஓடுமா? ஒண்டு போட்டுப் பாத்தா ஒரு அறிவிப்பு வந்து அப்படியே நிக்குது. அடுத்தது, ஒரே படம் இங்கிலாந்து டிவிடியில 2 மணி 2 நிமிசம், அமெரிக்கப் புளூரேயில 2 மணி 7 நிமிசம். அஞ்சு நிமிசத்த வெட்டிட்டாங்களா? கடைசியா, ஒரே படத்த மூண்டு நாலு கம்பனி வெளியிட்டிருந்தா எத வச்சுத் தெரிவு செய்யிறது?


அக்கரைப்பற்று_நானா:

தம்பி, ரீஜியன் கதைய நான் சொல்றன், மத்தது களுவாஞ்சிக்குடியார் வந்து சொல்லுவார். ரீஜியன் எண்டா எந்தப் பகுதி டிஸ்க் எந்தப் பகுதிப் பிளேயரில ஓடலாம் எண்டு பிரிச்சுப் போட்ட பூட்டு.

இலங்கை டிவிடிக்கு 5ம் ரீஜியன், புளூரேக்கு சி. அமெரிக்காவும் கனடாவும் டிவிடிக்கு 1, புளூரேக்கு ஏ. இங்கிலாந்து டிவிடிக்கு 2, புளூரேக்கு பி. அட்டையின்ட பின்பக்கம் அறுகோணத்துக்குள்ள எழுத்துப் போட்டிருப்பாங்க. மூண்டு எழுத்தும் இருந்தா எங்கயும் ஓடும். வினிகர் சின்ட்ரோம் கம்பனியின்ட டிஸ்க் பெரும்பாலும் பூட்டில்லாமத்தான் வாறது. ஆரோ வீடியோவின்ட இங்கிலாந்துப் பதிப்பு பி எண்டும் அமெரிக்கப் பதிப்பு ஏ எண்டும் பூட்டி வாறது கூட. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்குக்கு ரீஜியனே இல்ல. ஆனா அதே பெட்டிக்குள்ள கூட வாற சாதாரணப் புளூரே பூட்டுப்பட்டிருக்கலாம், பேட்டி கீட்டியெல்லாம் அதிலதான் கிடக்கும். பாத்து எடுங்க.

உங்கட டிஸ்க் அறிவிப்போட நிக்குதெண்டா அது ரீஜியன் பூட்டு. பிளேயர் பழுதெண்டு கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. அறிவிப்பே இல்லாம கனநேரம் சுத்திட்டு டிஸ்க் இல்ல எண்டு காட்டினாத்தான் லென்ஸ்ல தூசி. மெனு வரைக்கும் வந்து அதில இறுகினா பிளேயரின்ட மென்பொருள் பழசு. கம்பனி வலைத்தளத்தில மாடல் இலக்கத்தப் பாத்து இறக்கி, ஃபேட்32 முறையில ஃபோர்மட் பண்ணின பென் டிரைவில போட்டு ஏத்தணும்.

இதுக்கு வழி ரெண்டு. எல்லா ரீஜியனும் ஓடுற மாதிரி மாத்தின பிளேயர் வெளிநாட்டில விக்கிறாங்க. அத எடுத்தா பின்பக்கம் 100–240 வோல்ட் எண்டு இரிக்கா எண்டு கட்டாயம் பாக்கச் சொல்லுங்க. 120 மட்டும் போட்டிருந்தா இங்கத்த 230ல நேர குத்தினா பவர் போர்ட் அந்த நிமிசமே போயிரும். அப்பிடியானதுக்கு 230ல இருந்து 110க்கு இறக்குற டிரான்ஸ்போமர் வேணும். பிளேயர் 20 வாட்ஸ் அளவுதான் இழுக்கும், 100 விஏ தாராளம். மாத்தின பிளேயருக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்தா வித்தவனக் கேக்காம ஏத்தாதீங்க, செஞ்ச மாத்தம் அழிஞ்சு பழையபடி பூட்டிக்கும்.

மத்த வழி மடிக்கணினியும் வெளிய குத்துற புளூரே டிரைவும். புளூரேயில ரீஜியனப் பாக்கிறது டிரைவ் இல்ல, பாக்கிற மென்பொருள்தான். டிவிடியில அப்பிடியில்ல: டிரைவுக்குள்ளயே பூட்டு, அஞ்சு தரம் மாத்தலாம், அஞ்சாவது மாத்தினது அப்பிடியே நிண்டுரும். அதனால சும்மா சோதிக்கிறதுக்கு மாத்தாதீங்க. புளூரே டிரைவுக்கு கரண்ட் கூடத் தேவை. பழைய யுஎஸ்பி துளை 500 மில்லிஅம்பியர்தான் தரும், டிஸ்க் சுழலத் தொடங்கி டிக் டிக்கெண்டு நிக்கும். ரெண்டு தலை உள்ள வயர் எடுத்து ரெண்டு துளையிலயும் குத்துங்க.

சாதாரண டிவிடி பிளேயருக்கு இந்தப் பாடு இல்ல. கனக்க மாடலுக்கு ரிமோட்டிலயே வழி இரிக்கு, மாடல் இலக்கத்தச் சொன்னாத் தேடிப் பாக்கலாம். அமெரிக்க டிவிடி பழைய பெட்டி டிவியில கறுப்பு வெள்ளையா வந்தாலோ மேல கீழ உருண்டாலோ பிளேயர் செட்டிங்ல டிவி முறைய ‘பால்’ எண்டு மாத்துங்க, அதுதான் இங்கத்த முறை. தட்டை டிவியில அது தானாச் சரியா வரும்.


களுவாஞ்சி_ரீல்:

அந்த ஐந்து நிமிடம் வெட்டு அல்ல தம்பி.

படம் எடுக்கப்படுவது செக்கனுக்கு 24 சட்டகம் (தனித்தனி அசையாப் படம்). ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் உள்ள ‘பால்’ தொலைக்காட்சி முறை செக்கனுக்கு 25. அந்த முறையில் டிவிடி செய்யும்போது ஒரு சட்டகமும் விடாமல் அப்படியே 25 வேகத்தில் ஓடவிட்டு விடுவார்கள். படம் நூற்றுக்கு நாலு வீதம் சுருங்கும், குரலும் இசையும் ஏறத்தாழ அரைச்சுரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு ஏறும். புளூரேயின் நேரத்தை 0.96 ஆல் பெருக்கிப் பாருங்கள். 127 நிமிடம் பெருக்க 0.96, விடை 121.9. உங்கள் இங்கிலாந்து டிவிடி காட்டும் 2 மணி 2 நிமிடம் அதுதான். பெருக்கிய பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும் வெட்டைத் தேடுங்கள்.

உண்மையான வெட்டுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் 127 நிமிடப் படம் டாரியோ அர்ஜென்டோவின் 1975ஆம் ஆண்டு ‘ப்ரொஃபொண்டோ ரொஸ்ஸோ’ என்றால், அதற்கு இரண்டு வடிவம் உண்டு. இத்தாலியில் ஓடியது 127 நிமிடம், வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் அனுப்பியது ஏறத்தாழ 105. இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். முழு வடிவத்தை ஆங்கில ஒலியில் போட்டால் நடுநடுவே குரல் இத்தாலிக்குத் தாவும். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அந்தத் துண்டுகளுக்கு ஆங்கிலக் குரல் இல்லை. முழு வடிவத்தை இத்தாலிய ஒலியில் பாருங்கள்.

இங்கிலாந்துப் பதிப்புகளில் இன்னொரு சிக்கல். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வீடியோக் கசட்டுகளுக்கு எதிராகப் பெரும் எதிர்ப்புக் கிளம்பி, அரச வழக்குத் தொடுநர் பட்டியலில் 72 படங்கள் ஏறின. அவற்றில் 39க்கு எதிராக வழக்கு வென்றது. 1984இல் வீடியோவுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த பெரும்பாலான படங்கள் இன்று அங்கேயே வெட்டின்றிக் கிடைக்கின்றன. ஆனால் மிருகவதை பற்றிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. படப்பிடிப்புக்காக உண்மையாகவே மிருகத்தைத் துன்புறுத்திய காட்சி என்றால் அங்குள்ள தணிக்கைச் சபை வெட்டச் சொல்லும். இத்தாலியர் காட்டுக்குள் எடுத்த நரமாமிசப் படங்களில் இது அடிக்கடி நடக்கிறது. முழுதாக வேண்டுமானால் அமெரிக்கப் பதிப்பு. அந்தக் காட்சிகளைப் பார்க்க விரும்பாதவர்களுக்கு வெட்டிய பதிப்பில் கதைக்கு ஒரு குறையும் வராது, என் அபிப்பிராயம் அது.

எதைத் தெரிவு செய்வது என்பதற்கு வருவோம். அட்டையில் 4கே என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். கமராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவ் முதலாவது. அதிலிருந்து எடுத்த இடைப் பொசிட்டிவ் அடுத்தது. தியேட்டரில் ஓடிய பிரதி கடைசி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் இருள் பகுதிகள் அடைபட்டு நுணுக்கம் போகும், இரவுக் காட்சியில் கறுப்புச் சட்டைக்காரனின் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதற்காகப் பிரதியிலிருந்து வந்த பதிப்பை ஒதுக்காதீர்கள். பல படங்களுக்கு எஞ்சியிருப்பது அது ஒன்றுதான், கீறலோடு வந்தாலும் நேர்மையான வேலை என்றால் வாங்கலாம். ஆஸ்திரேலியாவின் 1971ஆம் ஆண்டு ‘வேக் இன் ஃப்ரைட்’ படத்தின் மூலச்சுருள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், அழிப்பதற்கென்று எழுதி வைத்த பெட்டிகளுக்குள் இருந்து மீட்கப்பட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அதற்கும் பிரதிதான் கதி.

நான் மன்னிக்காதது தானியத்தைத் துடைப்பதை. பிலிமுக்கு இயல்பாக உள்ள மணற்பொடி போன்ற அசைவை மென்பொருளால் அழித்தால் முகம் மெழுகுப்பொம்மை ஆகிவிடும். வலைத்தளங்களில் பதிப்புகளை ஒப்பிட்டு அசையாப் படங்கள் போடுவார்கள். அதில் முகத்தின் நெருக்கக் காட்சியை எடுத்து, நெற்றியின் தோலையும் தலைமயிர் ஓரத்தையும் பாருங்கள். தோலில் துவாரம் தெரிய வேண்டும். மயிரோரத்தில் வெள்ளைக்கோடு ஓடினால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள்.

வசன எழுத்தையும் கவனியுங்கள். சில பதிப்புகளில் இத்தாலிய ஒலி ஓடும்போது கீழே வருவது ஆங்கில டப்பிங்கின் எழுத்து வடிவம். நடிகர் நீளமாகப் பேசுவார், எழுத்து இரண்டு சொல்லில் முடியும். இத்தாலிய ஒலிக்கெனப் புதிதாக மொழிபெயர்த்தது என்று எழுதியிருந்தால் நல்லது. ஒலியில் மூல மோனோவும் (ஒற்றைத் தட ஒலி) இருக்கிறதா பாருங்கள். 5.1 (பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்த ஒலி) மட்டும் போட்டிருந்தால் கதவடிச் சத்தமும் இடியும் பிற்காலத்தில் ஒட்டியவையாக இருக்கக்கூடும்.

ராம்சே படங்களுக்கு மொண்டோ மக்காப்ரோ என்ற கம்பனி. 1984ஆம் ஆண்டு ‘புரானா மந்திர்’ முதலானவற்றை அவர்கள் முதலில் டிவிடியில் இரண்டிரண்டாகவும், பிறகு ஆறு படங்களைச் சேர்த்துப் புளூரேப் பெட்டியாகவும் தந்தார்கள். இந்தோனேசியப் படங்களுக்கும் அவர்களின் பட்டியலைத்தான் முதலில் தேட வேண்டும்.


கல்லடி_வாவிக்கரை:

நானா, அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. இன்னொரு கேள்வி. கல்முனையில மூடின வீடியோக் கடையொண்டின்ட கசட் ஒரு பெட்டி கைக்கு வந்திருக்கு. கையால எழுதின லேபிள், கன இடத்தில மை அழிஞ்சு போச்சு. கசட்டின்ட ஜன்னல் வழியாப் பாத்தா சுருளின்ட ஓரத்தில வெள்ளையா மாப்பொடி மாதிரி இருக்கு. டெக்கில போட்டுப் பாக்கலாமா?


ஆரையம்பதி_டெக்:

போட்டிராதீங்க! அந்த வெள்ளை பூஞ்சணம். ஒரு கசட்டப் போட்டா டெக்கின்ட தலையிலயும் (நாடாவ வாசிக்கிற பாகம்) ரோலரிலயும் ஒட்டி, அடுத்துப் போடுற நல்ல கசட்டுக்கும் ஏறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற நமக்கு மாரி முழுக்கக் காத்தில ஈரந்தான், மூடின அலுமாரிக்குள்ள ஒரு மாரி போதும் இது பிடிக்க.

முதல்ல பூஞ்சணம் பிடிச்சதையும் பிடிக்காததையும் வேற வேற அறையில வைங்க. பிடிச்சத காத்துப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில சிலிக்கா ஜெல்லோட போட்டு ரெண்டு மூண்டு கிழமை காய விடுங்க. சின்ன ஈரமானி ஒண்டு உள்ளுக்க வச்சு ஈரம் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில நிக்குதா எண்டு பாருங்க. ஜெல் நிறம் மாறினா அடுப்பில மெல்லிய சூட்டில காயவச்சுத் திருப்பிப் போடலாம். வறண்ட கச்சான் காத்து அடிக்கிற காலம் இந்த வேலைக்குத் தோதான காலம், மாரியில தொடங்காதீங்க. வெயிலில மட்டும் வச்சிராதீங்க, கசட்டின்ட ஓடு வளைஞ்சிரும்.

காய்ஞ்ச பிறகு வெளியில, முகமூடியும் கையுறையும் போட்டுத் துப்புரவாக்கணும். கசட்டின்ட அடியில அஞ்சு ஸ்குரூ. கழட்டி மேல் ஓட்டத் தூக்க முதல் போன்ல ஒரு படம் எடுங்க, நாடா எந்த ரோலரச் சுத்திப் போகுதெண்டு பிறகு ஞாபகம் வராது. சின்ன ஸ்பிரிங்கும் இருக்கு, துள்ளி விழுந்தாத் தேட ஏலாது. சுருளின்ட ஓரத்தில உள்ளத மென்மையான தூரிகையால வெளிப்பக்கமாத் தட்டுங்க, உள்ளுக்குத் தள்ளாதீங்க. நாடாவ விரலால தொடப்படாது. பிறகு அந்தச் சுருள் ரெண்டையும் பூஞ்சணம் இல்லாத வேற கசட்டின்ட ஓட்டுக்குள்ள மாத்துங்க, பழைய ஓட்ட எறிஞ்சிருங்க. இதுக்கெண்டே பழைய டெக் ஒண்ட ஒதுக்கி, அதில முன்னுக்கு ஒருக்கா பின்னுக்கு ஒருக்கா முழுசா ஓட்டின பிறகுதான் நல்ல டெக்குக்குக் கொண்டு வரணும்.

ஒவ்வொரு கசட்டுக்குப் பிறகும் தலையத் துடையுங்க. 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல், கண்ணாடி துடைக்கிற மான்தோல். தோல தலை இருக்கிற உருளையில அசையாமப் பிடிச்சுக்கொண்டு மத்தக் கையால உருளையச் சுத்தணும். மேல கீழ தேய்ச்சா தலை உடைஞ்சிரும். பஞ்சு வச்ச குச்சி வேணாம், நூல் அதில மாட்டி இழுக்கும்.

கணினிக்கு ஏத்தேக்க மலிவான யுஎஸ்பி குத்தியில (டெக்கின்ட சிக்னலக் கணினிக்கு மாத்துற சின்னக் கருவி) நேர போட்டா சட்டகம் விடுபடும், அரை மணித்தியாலத்தில வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம். பழைய கசட்டின்ட சிக்னல் நேரம் தவறி வாறதுதான் காரணம். டெக்குக்கும் குத்திக்கும் இடையில டிவிடி ரெக்கோடர் ஒண்ட வச்சு அதுக்குள்ளால அனுப்பினா, கனக்க மாடல் அந்த நேரத்தச் சரியாக்கித் தரும். 720க்கு 576, செக்கனுக்கு 25 சட்டகம், ஒண்டுவிட்டு ஒண்டு வாற கோடுகள அப்படியே வச்சு, ஹஃப்யுவி மாதிரி இழப்பில்லாத முறையில பதியுங்க. மணித்தியாலத்துக்கு 30 ஜிபிக்கு மேல போகும், டிஸ்கில இடம் வச்சுக்கொள்ளுங்க. கோடு நீக்கிறதும் சின்னதாக்கிறதும் பிறகு கொப்பியில செய்யலாம், மூலத்தில கைவைக்காதீங்க.

இன்னொண்டு. லேபிள் அழிஞ்சதுகள முதல்ல பாருங்க. 1983 கலவரத்தில ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிஞ்ச நேரம் இலங்கைத் தமிழ்ப் படச் சுருள்களும் போயிற்று. அதுகளில ஏதும் டிவியில போன நேரம் ஆரும் பதிஞ்சு வச்சிருந்தா அந்தக் கசட்டே பெரிய சொத்து. மேல வேற படம் பதிஞ்சிருந்தாலும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, 180 நிமிசக் கசட்டில படம் முடிஞ்ச பிறகு பழசின்ட மிச்சம் கிடக்கும்.


சம்மாந்துறை_வாசகன்:

டிஸ்க் கொண்டு வாறது பற்றி ஒரு சொல். 1927ம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இங்க இன்னும் நடைமுறையில இரிக்கு, இறக்குமதி செய்யிறதும் அதுக்குள்ள வரும். பேய்ப்படம், கொலைப்படம் வேற, பாலியல் படம் வேற. இந்தக் கம்பனிகள் ரெண்டையும் ஒரே பட்டியல்லதான் விக்கிறாங்க, அதனால ஒவ்வொரு பேரையும் தனித்தனியாப் பாத்து எழுதிக் கொடுங்க. கொண்டு வாறவர் அறியாம மாட்டிக்கொள்ளக் கூடாது. பற்றுச்சீட்ட டிஸ்கோட சேத்து வைக்கச் சொல்லுங்க.

பெட்டியில வச்சுக் கொண்டு வரேக்க நடுவில டிஸ்கப் பிடிக்கிற பல்லு உடைஞ்சா டிஸ்க் கழண்டு உள்ளுக்க ஓடிக் கீறும். டிஸ்குக்கும் மூடிக்கும் இடையில மெல்லிய கடற்பஞ்சுத் தாள் ஒண்டு வச்சா நிக்கும். வந்ததும் ஒவ்வொண்டையும் திறந்து வெளிச்சத்தில சாய்ச்சுப் பாருங்க. பழுது இருந்தா கொண்டு வந்தவர் திரும்பிப் போறதுக்குள்ள குடுத்தனுப்பலாம், கம்பனிக்காரர் மாத்தித் தருவாங்க.


கல்லடி_வாவிக்கரை:

பட்டியல்ல இருந்து ரெண்டு படத்தின்ட பேர எடுத்திட்டன், நன்றி நானா. பிளேயர விட மடிக்கணினிக்கு வெளி டிரைவ்தான் சொல்லப் போறன், ரெண்டு தலை வயரோட. கசட் பெட்டி கச்சான் காலம் வரும் வரைக்கும் சிலிக்கா ஜெல்லோட கிடக்கட்டும்.