படை திரும்ப வேண்டுமா? 1989-ல் எங்கள் வீட்டுச் சண்டை

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அப்போது நான் பத்தாவது. மாமா ராணுவத்தில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவு ஹவில்தார், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு வவுனியாவில் இருந்தார். 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா, ஜூலை முடிவதற்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சண்டையில்லாமல் முடிந்ததில்லை.

தாத்தா பழைய காங்கிரஸ்காரர். "அவன் போன்னா போயிடறதா? ஆயிரம் பேர் செத்தது எதுக்கு?" என்பார். அங்கே இருந்தது அவருடைய சொந்த மகன், கவனியுங்கள். அப்பா துறைமுகத்தில் வேலை, கழகத்துக்காரர். "காப்பாத்தப் போன ஜனத்தையே சுடறாங்க. இன்னும் ஆயிரம் பேர் சாகணுமா மாமா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

தாத்தாவின் கணக்கு சீட்டாட்டக் கணக்கு என்று எனக்கு அப்போதே தோன்றியது. விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம். ஆனால் அவர் இன்னொன்றும் கேட்பார். படையை நம்பி 1988-ல் தேர்தல் நடத்தி, வரதராஜப் பெருமாளை முதல்வராக்கி அங்கே வடகிழக்கில் ஒரு மாகாண அரசு அமைத்தார்களே, "நம்பி நின்னவங்க கதி?" என்று. அதற்கு மட்டும் அப்பாவிடம் பதில் இருந்ததில்லை.

டிசம்பரில் வி.பி. சிங் பிரதமரானார். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. கிட்டத்தட்ட 1,200 பேர் திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படைக்கு வரவேற்பா என்பது அவர் நிலை. அப்பாவுக்கும் அதே கருத்துதான். ஆனாலும் மைத்துனரை அழைத்துவர என்னையும் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

ஆட்டோவில் ஏறினோம். டிரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்த டிரைவர், "சிலோன்ல இருந்தா? எத்தனை தமிழனை சார் சுட்டீங்க?" என்றார். ராயபுரம் பாலத்துப் பக்கம் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். காசைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒன்றை மாமா பிடித்தார், மற்றதை அப்பா பிடித்தார். வீடு வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வளசரவாக்கத்திலிருந்து:

உங்கள் தாத்தா கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் யாழ்ப்பாணம். 87-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் முடிந்து இந்திய ஆமி வந்தபோது மாலை போட்ட கூட்டத்தில் நானும் நின்றேன். அக்டோபர் 10-ல் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. பிறகு ஊரடங்கு, ஷெல்லடி. அந்த மாதம் நடந்ததை எழுதினால் இன்றைக்கு நித்திரை வராது, விடுகிறேன். இவர்கள் போய்த் தொலையட்டும் என்று அம்மா நல்லூர் கந்தனுக்கு நேர்த்தி வைத்தா.

89-ல் டியூஷனுக்குப் போன தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்த் தமிழ்த் தேசிய இராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். வயது 17. மாகாண அரசைக் காப்பாற்ற இந்தியாவின் துணையோடு கட்டிய படை அது. விருப்பத்தோடு போனவர்களைவிடப் பிடிபட்ட பெடியள்தான் கூட. ஆமி போனால் புலிகள் அவனைத் துரோகி என்று முடித்துவிடுவார்கள். ஆமி மூட்டை கட்டத் தொடங்கியபோது, அம்மா அதே கந்தனிடம், "இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும், பிள்ளை வந்து சேரட்டும்" என்று மாற்றிக் கேட்டா. தம்பி ஓடி வந்துவிட்டான். ராமேஸ்வரத்துக்குப் படகு, மண்டபம் முகாம், அப்புறம் சென்னை. அந்த நேர்த்தியைக் கழிக்கவா வேண்டாமா என்று அம்மாவுக்குக் கடைசி வரை குழப்பம்தான்.

பரங்கிமலையிலிருந்து:

நான் இங்குள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் படித்தவன். அணிவகுப்புத் திடலுக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர்தான். 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். எங்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னார்களே தவிர, அந்தப் போருக்குப் போனது சரியா, திரும்பியது சரியா என்று யாரும் பேசியதில்லை. வண்ணாரப்பேட்டை நண்பரே, உங்கள் மாமா என்ன நினைத்தார்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

தாத்தா செத்த பிறகு ஒரு தடவை கேட்டேன் சார். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "போனப்போ ஊரெல்லாம் டெலிபோன் கம்பி இழுத்தோம்டா. கிளம்பும்போது ஒரு அடி விடாம சுருட்டி எடுத்துட்டு வாங்கன்னு ஆர்டர். அதுக்கே மூணு வாரம் ஆச்சு" என்றார்.