கொரியாவின் சி.யூ. கடைகள் இவ்வளவு வேகமாகப் பெருகியது எப்படி?

பாம்பன் கடைக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் மீன் இறங்குதளத்துக்குப் போகும் வழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அங்குள்ள, அன்றாடப் பொருள்களும் சமைத்த உணவும் விற்கும் ‘சி.யூ.’ என்ற கொரியச் சிறுகடையின் படங்களை அனுப்பி, நம் ஊரிலும் இதுபோல ஒன்று தொடங்கலாமே என்கிறார். கடையின் அலங்காரம் புரிகிறது, கணக்குத்தான் பிடிபடவில்லை. ஐந்து கோடிக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் வாழும் தென் கொரியாவில், எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து இத்தகைய கடைகள் 50,000-க்கு மேல் இருக்கின்றனவாம். கடைக்கு ஆயிரம் பேர் என்ற நிலையில் நிறுவனம் எப்படி வளர்கிறது, கடைக்காரர் எப்படிப் பிழைக்கிறார்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கீழக்கரை வாசகர்:
நிறுவனம் வளர்வதும் கடைக்காரர் பிழைப்பதும் அங்கே வெவ்வேறு கணக்குகள். 1990-இல், ஜப்பானின் ஃபேமிலிமார்ட் என்ற கடைத் தொடரின் பெயரை உரிமத்துக்கு வாங்கி, சியோலில் திறந்த கடையே இன்றைய சி.யூ.வின் தொடக்கம். 2012-இல் சொந்தப் பெயருக்கு மாறிய பிறகு, பெயருக்குக் கட்டணம் கொடுத்துவந்தவர்கள் அதையே பிறரிடம் வாங்கத் தொடங்கினார்கள். மங்கோலியா (2018), மலேசியா (2021), கசகஸ்தான் (2024) ஆகிய மூன்றிலும் கடை நடத்துவது அந்தந்த நாட்டு நிறுவனமே. ஈரானிலும் வியட்நாமிலும் எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை.

உள்நாட்டிலும் பெரும்பாலான கடைகளை நிறுவனம் நேரடியாக நடத்துவதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் ஆள்கூலி உள்ளிட்ட அன்றாடச் செலவுகளை ஏற்று நடத்த, விற்பனையில் கிடைக்கும் இலாபத்தில் ஒப்பந்தப்படி ஒரு பங்கு தலைமையகத்துக்குப் போகிறது. ஆகவே அடுத்த தெருவில் இன்னொரு கடை திறந்தால் பழைய கடைக்காரரின் வியாபாரம் பாதியானாலும் தலைமையகத்தின் பங்கு கூடவே செய்யும். 2018-இல் குறைந்தபட்ச ஊதியம் 16.4% உயர்ந்து மணிக்கு 7,530 வொன் ஆனபோது, இரவுக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாமல் கடைக்காரர்கள் பலர் தாங்களே கல்லாவில் நின்றார்கள். கடைகளுக்கு இடையே 50 முதல் 100 மீட்டர் விட வேண்டும் என்று நிறுவனங்கள் தமக்குள் ஒப்புக்கொண்டதும் அந்த ஆண்டின் இறுதியில்தான்.

இராமநாதபுரம் வரி ஆலோசகர்:
இந்தியாவில் பல நிறுவனப் பொருள்களை விற்கும் சில்லறைக் கடையில் வெளிநாட்டு முதலீடு 51% வரை அனுமதிக்கப்படுகிறது. அதற்கும் மாநில அரசின் இசைவு வேண்டும், தமிழகம் 2012-இலேயே அதை எதிர்த்தது. பெயரை மட்டும் உரிமத்தில் பெறுவதற்கு அந்தத் தடை இல்லை. செவன் இலெவன் என்ற வெளிநாட்டுக் கடைத் தொடர் 2021-இல் ரிலையன்ஸ் மூலம் மும்பைக்கு அப்படித்தான் வந்தது.

மண்டபம் வாசகி:
ஒப்பந்தத்தைப் பற்றிக் கீழக்கரைக் காக்கா (அண்ணன்) எழுதியது சரியே. ஆனால் அந்தக் கடைகளைத் தாங்கி நிறுத்துவது சரக்கு லாரி என்பேன். கொரியாவின் சுவோன் நகரில் நான் படித்த காலத்தில், விடுதிக்குக் கீழே இருந்த கடைக்கு நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வண்டி வரும். கடற்பாசித் தாளில் சுற்றிய முக்கோணச் சோற்றுக் கட்டியின் பட்டைக்கோட்டிலேயே காலாவதி நேரம் பதிந்திருப்பதால், நேரம் கடந்த கட்டியைக் கல்லா இயந்திரம் ஏற்க மறுத்துவிடும். பணிப்பெண் அதை எடுத்துக் கழிவுக் கூடையில் போடுவார். சமைத்த உணவை இப்படிச் சிறுகச் சிறுக இறக்க வேண்டுமானால் ஒரே சுற்றில் பல கடைகள் நெருங்கி இருந்தாக வேண்டும். கடைகளை அடுத்தடுத்துத் திறப்பதற்குப் பேராசையோடு இந்தக் காரணமும் உண்டு. உச்சிப்புளியிலிருந்து இராமேசுவரம் வரை அப்படிப் பத்துக் கடைகள் கிடைக்குமா? அமாவாசைக் கூட்டத்தை நம்பி மற்ற நாளெல்லாம் விளக்கெரிக்க முடியாது. தவிர, ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் கடையில் அரிசி பருப்பு எல்லாம் பற்றில்தானே போகும்? கொரியக் கல்லாவுக்குப் பற்று எழுதத் தெரியாது.

பாம்பன் கடைக்காரர்:
காக்காவுக்கும் சகோதரிக்கும் ஆலோசகர் ஐயாவுக்கும் நன்றி. மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் எது எத்தனை விற்றது என்று அன்றாடம் பார்த்து மறுநாள் கொள்முதலை முடிவு செய்யும் முறை எனக்குத் தேவைப்படுகிறது. பிஸ்கட்டும் குளிர்பானமும் அளவுக்கு மீறி வாங்கித் தேங்கிக் கிடக்கின்றன. சரக்கு இருப்போடு ஆள்வாரியாகப் பற்றுவரவையும் காட்டும் பில்லிங் மென்பொருள் எதையேனும் சிறு கடையில் யாராவது பயன்படுத்துகிறீர்களா?